ஓட்டைக்காசு

தராசுகளைப் பழுதுபார்க்கிற தராசுக்காரர் சந்தைக்குள் நுழைந்தால் கடைக்காரர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்வார்கள். ஒழுங்காக நிறுப்பவர்கள், "வாங்க வாங்க, டீ சாப்பிட்டுப் போங்க" என்பார்கள். மற்றவர்கள் தராசின் மேல் ஈரத் துணியைப் போட்டுவிட்டு, "இன்னைக்கு வியாபாரமே இல்லைங்க" என்பார்கள். அவர் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை. தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஈயத்தைச் சுரண்டி எடுத்து, கடைக்காரரின் உள்ளங்கையிலேயே வைத்து, "இது உங்களோடதுதானே, கீழே விழுந்துடப்போகுது, பத்திரம்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார். அதற்கப்புறம் ஒரு வருடத்துக்காவது அந்தக் கடையில் எடை சரியாக இருக்கும்.

சந்தைக்குப் பின்னால், குழாய்க் கடைக்கு மேல் மாடியில் வீடு. இரண்டு அறை. முன்னறையில் பாதி அவருடைய பட்டறை. அரம், எண்ணெய்க் கல், சுருள் கம்பிகள், பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக நிற்கும் எடைக்கற்கள். மீதிப் பாதியில் மனைவியின் தையல் மெஷின். அவள் திரைச்சீலைக் கடையில் வேலை பார்த்தாள். கடையில் முடியாததை வீட்டுக்கும் கொண்டுவருவாள். வீட்டின் எந்த மூலைக்குப் போனாலும் யாரோ ஒருவருடைய ஜன்னல் துணி காலில் சுற்றும். ஒரே மகன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான்.

தராசுக்காரருக்குக் குடியில்லை, சீட்டில்லை. காசு சேர்ப்பது ஒன்றுதான் பைத்தியம். வருகிறவர்கள் யாராவது ஆல்பத்தைப் பார்த்து வாயைப் பிளந்தால் மனைவி சொல்வாள்: "எங்க வீட்டுல காசுக்குக் குறைச்சலே இல்லை. என்ன, செலவு பண்ணத்தான் முடியாது."

அவர் சேர்த்தது எல்லாக் காசையும் அல்ல. கப்பல் போட்ட வெள்ளிக்காசு மட்டும். பதினான்கு வருடம் அச்சடித்துவிட்டு நிறுத்திய காசு அது. பதின்மூன்று வருடத்துக் காசு அவரிடம் இருந்தது. ஒன்பதாவது வருடத்துக் காசுக்கான கண்ணாடி உறை மட்டும் பதினோரு வருடமாக வெறுமையாக இருந்தது. பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோல, ஆல்பத்தைத் திறந்தால் அவர் விரல் நேராக அந்த வெற்று உறைக்குத்தான் போகும்.

வருடத்துக்கு ஒரு முறை ரயில் நிலையத்துக்கு எதிரே நகராட்சி மண்டபத்தில் நாணயக் கண்காட்சி நடக்கும். அவர் ஒருமுறையும் தவறவிட்டதில்லை. அந்த வருடம் மழை நின்றபாடில்லை. திரைச்சீலைக் கடைக்குள் தண்ணீர் புகுந்து இரண்டு நாள் விடுமுறை விட்டிருந்தார்கள். அவர் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது மனைவி, "நானும் வரேன். அங்க போய் அப்படி என்னதான் பண்றீங்கன்னு பார்க்கிறேன்" என்றாள்.

"உனக்குப் போரடிக்கும்."

"இங்க மட்டும் என்ன, கச்சேரியா நடக்குது?"

ரொட்டி, முட்டை ஆம்லெட், நறுக்கிய வெள்ளரிக்காய், பிளாஸ்கில் டீ, எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டாள்.

மண்டபத்துக்குள் பச்சைத் துணி விரித்த நீள மேசைகள். ஒவ்வொன்றின் மேலும் வளைந்த கழுத்து விளக்கு. ஆட்கள் குனிந்து லென்ஸை ஒரு கண்ணில் அழுத்தியபடி நின்றார்கள். ஈரக் குடைகளின் வாசனை. யாரும் சத்தமாகப் பேசவில்லை. மனைவி அவர் காதருகில், "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

அவர் அவளுக்கு வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். "இங்க பாரு, பிடிச்ச காசைப் பார்க்கவே கூடாது. வேற மூணு காசோட விலையைக் கேட்கணும். கிளம்புற மாதிரி திரும்பணும். அப்புறமா, போற போக்குல, 'ஆமா, அது என்ன விலை'ன்னு கேட்கணும். ஆசை முகத்துல தெரிஞ்சா விலை ஏறிடும்."

"ஓஹோ. என்னைப் பார்க்க வந்த அன்னைக்கு எங்க அக்காவையே பார்த்துக்கிட்டு இருந்தீங்களே, அதுவும் இதுதானா?"

அவர் சிரித்துவிட்டார். பக்கத்து மேசைக்காரர் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து முறைத்தார்.

மூன்றாவது மேசையில் அவருடைய காசு இருந்தது. கப்பல், ஒன்பதாவது வருடம். அந்த வியாபாரியை எல்லோரும் சுழல் நாற்காலிக்காரர் என்பார்கள். எந்தக் கண்காட்சிக்கும் சொந்தச் சுழல் நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். இடுப்பு வலியாம். மூன்று வருடமாக அதே காசைக் கொண்டுவந்து, அதே விலையைச் சொல்லி, அப்படியே திருப்பி எடுத்துப் போகிறார்.

தராசுக்காரர் வேறு மூன்று காசின் விலையைக் கேட்டார். கிளம்புகிற மாதிரி திரும்பினார். சுழல் நாற்காலிக்காரர் அவர் முதுகைப் பார்த்து, "கப்பல் இன்னும் அதே விலைதான்" என்றார்.

அது அவருக்கு எட்டுகிற விலை இல்லை. பேசிப் பார்த்தார். தவணை கேட்டுப் பார்த்தார். சுழல் நாற்காலிக்காரர் நாற்காலியோடு அடுத்த ஆள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"விடுங்க, வயித்துக்கு ஏதாவது போடலாம்" என்று மனைவி அவரை வெளியே இழுத்துவந்தாள். மண்டபத்து வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதன் ஒரு முனையில் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டால் சுற்றிய பிஸ்கட் டப்பா. மழைத் தூறல் செருப்புவரை அடித்தும் காலை இழுத்துக்கொள்ளாமல் இருந்தார்.

மனைவி ரொட்டியைப் பிரித்தவுடனே அந்தப் பக்கம் நீட்டினாள். "எடுத்துக்கோங்கம்மா. ரெண்டு பேருக்கு அதிகமாத்தான் கொண்டுவந்திருக்கேன்."

"வேண்டாம்மா, நான் சாப்பிட்டுத்தான்…"

"சாப்பிட்ட முகம் எனக்குத் தெரியாதா? எடுங்க."

அந்த அம்மா எடுத்துக்கொண்டார். நிதானமாக, ஓரத்திலிருந்து கடித்துச் சாப்பிட்டார். மனைவி டீயை ஊற்றிக் கொடுத்தாள். இருவருக்கும் பேச்சு ஓடியது. அவருடைய கணவர் பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்கியவர். போன வருடம் இறந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில் இருந்தார்கள். அந்தக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். இரண்டு மாதத்தில் காலி பண்ண வேண்டும். அக்கா மகள் கூப்பிட்டிருக்கிறாள்.

"நாப்பது வருஷம் மேலேயும் கீழேயும் போயிட்டு வந்தாரும்மா. ஆனா எங்கயும் போனதில்லை" என்றார். மனைவி சிரித்தாள். அவரும் சிரித்தார்.

"டப்பாவுல என்னம்மா?" என்று கேட்டது தராசுக்காரர்தான்.

"அவரு சேர்த்த சில்லறை. தூக்கிட்டு அலைய முடியாது. யாராவது எடுத்துக்கிட்டா நல்லதுன்னு வந்தேன். உள்ள போய்ப் பார்த்தேன். ஒண்ணும் பிடிக்கலை, வந்து உட்கார்ந்துட்டேன்."

டப்பாவைத் திறந்தார். பழைய செப்புக்காசுகள், தேய்ந்த நிக்கல், தபால்பெட்டி போட்ட காசு, எல்லோர் வீட்டு அலமாரியிலும் கிடக்கிற காசுகள். தராசுக்காரர் விரலால் துழாவினார். அடியில், மெழுகுத்தாளில் மடித்த ஒன்று. பிரித்தார். நடுவில் ஓட்டை போட்ட சிறிய செப்புக்காசு.

ஓட்டைக்காசு என்றால் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஆனால் ஒரே ஒரு வருடம், அச்சடிக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த வருடத்து எண்தான் அதில் இருந்தது. விளிம்பில் நகம் பட்டதுபோல் ஒரு சிறிய வெட்டு. மற்றபடி பழுதில்லை. அவர் அதைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். அவர் சேர்க்கிற வகை அல்ல. ஆனால் அதன் விலை அவருக்குத் தெரியும். சுழல் நாற்காலிக்காரரின் கப்பல் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். காசைத் தாளில் திரும்ப மடித்து, மற்றவற்றோடு போட்டுக் குலுக்கினார்.

"எல்லாம் சாதாரணக் காசுதாம்மா" என்றார்.

அந்த அம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியா? சரி. நீங்க வச்சுப்பீங்களா தம்பி?"

"வச்சுப்பேன்."

"வித்துட மாட்டீங்களே?"

"சேர்க்கிறவன்மா நான். விக்கிறவன் இல்லை."

மனைவியும் நல்ல மனதோடு சொன்னாள்: "எங்க வீட்டுக்கு வந்த காசு வெளியே போனதா சரித்திரமே இல்லைம்மா. பயப்படாதீங்க."

சட்டைப் பையில் இருந்த நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா எண்ணிப் பார்க்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டு, துண்டை உதறி மடித்து, தூறலிலேயே இறங்கி நடந்தார். மனைவி பின்னால் ஓடி, கையில் ஒரு ரொட்டியைத் திணித்துவிட்டு வந்தாள்.

"ஒரு பத்து நிமிஷம், இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

சுழல் நாற்காலிக்காரர் மெழுகுத்தாளைப் பிரித்ததும் லென்ஸை எடுக்கவே இல்லை. "அட, இது உங்க கைக்கு வந்துடுச்சா!" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லில் ஏதோ இருந்தது. தராசுக்காரர் அதைக் கவனிக்கிற நிலைமையில் இல்லை. வந்த நேரத்திலிருந்து அவர் கண் கப்பலின் மேலேயே இருந்தது. கேட்டிருந்தால் கப்பலுக்கு மேல் இன்னும் நிறையவே கிடைத்திருக்கும். அவர் கேட்கவில்லை. கேட்டால் அது வியாபாரம் ஆகிவிடும் என்று அவருக்குள் ஒரு கணக்கு. கப்பலை வாங்கிச் சட்டையின் உள்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

பஸ்ஸில் மனைவியிடம், "கப்பலைக் குடுத்துட்டான். ஒரு காசை மாத்திக்கிட்டேன்" என்றார். அவர் தன்னிடமிருந்த காசு ஏதோ ஒன்றைக் கொடுத்து மாற்றியிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "பதினோரு வருஷம்! அப்பாடா, இனிமேலாவது வீட்டுக்குப் புதுப் பாய் வாங்கலாம்" என்றாள். அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கப்பலை உறைக்குள் வைத்தார். பதினான்கும் நிரம்பின. ஆல்பத்தை மூடினார், திறந்தார், மூடினார். அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல், யாரோ கொண்டுவந்து போட்டிருந்த தொங்கு தராசை எடுத்துச் சுருளைக் கழற்ற ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிறு தபால்காரர் வந்தார். ஓய்வு பெற்றவர், அவரும் காசு சேர்க்கிறவர், பெரிய வாய். கப்பலைப் பார்த்துவிட்டு, சமையலறை வரைக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"நீர் கில்லாடி ஐயா! சுழல் நாற்காலி எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கிறான். ஓட்டைக்காசு, அந்த வருஷத்தது! ஒரு கப்பல் இல்லை, நாலு கப்பல் வாங்கியிருக்கலாமே. பாவம், எந்தக் கிழவி பெட்டியில இருந்து கிளப்பினீர்?"

தராசுக்காரர் கையைக் காட்டினார், மெதுவாகப் பேசும்படி. அதற்குள் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் இரண்டு டீ. இரண்டையும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தபால்காரர் போன பிறகு அவர் சமையலறைக்குப் போனார். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுத்தமாக இருந்த பாத்திரத்தை.

"அந்தம்மாவோட காசா?"

"ஆமா."

"விலை தெரிஞ்சேதான் சாதாரணக் காசுன்னு சொன்னீங்களா?"

"அங்க எல்லாரும் அப்படித்தான். அது ஒரு பழக்கம். பேரம்னா…"

"அவங்க பேரம் பேசலையே."

அவர் கழுவி வைத்திருந்த தம்ளர் ஒன்றை எடுத்து, திரும்ப வைத்தார்.

"நான் ஒரு சோத்து மூட்டையைப் பிரிச்சேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "அதைத் தின்ன விசுவாசத்துக்குத்தான் அவங்க டப்பாவைத் திறந்தாங்க. உள்ள அத்தனை பேரு இருந்தும் யாருகிட்டயும் குடுக்காதவங்க. என் கையை வச்சு அவங்க மடியில இருந்து எடுத்துட்டீங்க. இதுல நான் வேற, எங்க வீட்டுக்கு வந்த காசு வெளியே போகாதுன்னு சாட்சி சொன்னேன்."

"எனக்கு அப்ப அந்தக் கப்பலைத் தவிர ஒண்ணும் தெரியலை."

"தெரியாதவர் மாதிரியா பேசுனீங்க?"

அந்த வாரம் முழுக்க வீட்டில் மெஷின் சத்தமும் அரத்தின் சத்தமும்தான். அவள் சாப்பாடு போட்டாள், கேட்டால் பதில் சொன்னாள். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால் அவருக்குப் பழக்கமான விஷயம், சமாளித்திருப்பார். இப்படி அளந்து பேசுவது புதிது. சந்தையில் ஒரு வெங்காயக்காரர் தட்டுக்கு அடியிலிருந்து ஈயத்தைச் சுரண்டியபோது, வழக்கமாகச் சொல்கிற வாசகம் அவர் வாயில் வரவில்லை. ஈயத்தை மேசை மேல் வைத்துவிட்டுக் கூலிகூட வாங்காமல் வந்துவிட்டார்.

சனிக்கிழமை அவராகவே கப்பலை எடுத்துக்கொண்டு சுழல் நாற்காலிக்காரரின் கடைக்குப் போனார். கைக்கடிகாரக் கடைக்கு மேலே குறுகலான படி. மனைவியிடம் சொல்லவில்லை. காசைத் திருப்பி வாங்கிவந்து அவள் முன்னால் வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தார்.

"அதுவா? அன்னைக்குச் சாயங்காலமே போயிடுச்சே" என்றார் சுழல் நாற்காலிக்காரர். "வெளிநாட்டு ஆளு. யாருன்னு கேட்காதீங்க, எனக்கும் ஒரு ஏஜெண்டு மூலமாத்தான். இந்நேரம் கடல் தாண்டியிருக்கும்."

"திரும்ப வாங்க முடியாதா?"

"எதுக்கு? கப்பல் பிடிக்கலையா?"

அவர் படியிறங்கி வந்தார். தெருவில் முழங்கால் வரைக்கும் தண்ணீர் ஓடியது. அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் ஊசியில் நூல் கோத்தபடி கேட்டாள். முடித்ததும், "நாளைக்கு ரெண்டு பேரும் போவோம். கப்பலை அவங்க கையில குடுத்து, நடந்ததைச் சொல்லிட்டு வந்துடலாம். வேற ஓட்டைக்காசு வாங்கிக் குடுத்து ஏமாத்தலாம்னு மட்டும் நினைக்காதீங்க. அந்த வெட்டு அவங்களுக்குத் தெரியும்" என்றாள். அவர் அப்படி நினைக்காமல் இல்லை.

ஊழியர் குடியிருப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பாதி வீடுகளில் ஏற்கெனவே கதவுகளைக் கழற்றியிருந்தார்கள். மூன்றாவது மாடியில் அந்த அம்மாவின் வீட்டில் கட்டிய மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலும் ஒரு நாற்காலியும் மிச்சம். சுவரில் படங்கள் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

அந்த அம்மாவுக்கு அவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீங்களா! நானே நினைச்சுக்கிட்டிருந்தேன். உட்காரும்மா. நீங்க மூட்டை மேலயே உட்காருங்க தம்பி, துணிதான்."

தராசுக்காரர் உட்காரவில்லை. சட்டையின் உள்பைப் பொத்தானைக் கழற்றினார். "அம்மா, அந்த ஓட்டைக்காசைப் பத்தி…"

"அதைத்தானே சொல்ல வந்தேன்" என்று அந்த அம்மா சிரித்தார். "நீங்க 'சாதாரணக் காசு'ன்னு சொன்னீங்க பாருங்க, எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. அதோட மதிப்பு எனக்குத் தெரியும் தம்பி. அவரு ஆயிரம் தடவை சொல்லியிருக்காரு. உள்ள சுழல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாரே, அவரு நீங்க குடுத்த மாதிரி இருபது பங்கு தரேன்னாரு. ஆனா குடுக்கிறதுக்கு முன்னாலயே பக்கத்து ஆளுகிட்ட, 'இன்னைக்கே அனுப்பிடலாம்'னு சொன்னது காதுல விழுந்துச்சு. டப்பாவை மூடிட்டு வெளியே வந்துட்டேன்."

தராசுக்காரரின் கை பையிலேயே நின்றது.

"நீங்க அந்தத் தாளைப் பிரிச்சப்ப உங்க முகத்தைப் பார்த்தேன். எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். ஆசை வந்துட்டா உதடு காஞ்சிடும், வாய் வேற என்னமோ பேசும். கண்ணுக்கு மறைக்கத் தெரியாது. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்த ஆளு செத்தாலும் விட மாட்டாருன்னு. அதுக்கு மேல, இந்தப் பொண்ணு வேற இருக்கா, சாப்பாடு போட்ட கை." மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுல இருந்த எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டேன்மா. அவரோட சட்டை, குடை, ரேடியோ. மனசு கேட்கலை. அது ஒண்ணாவது நல்ல இடத்துல இருக்குன்னு நினைச்சுக்கிட்டுத்தான் மத்ததைக் கட்டுறேன். பத்திரமா இருக்குல்ல?"

தராசுக்காரர் வாயைத் திறந்தார். சொல்லிவிடத்தான் திறந்தார்.

"பத்திரமா இருக்கும்மா" என்றாள் மனைவி. "மெத்துன்னு ஒரு துணியில சுத்தி, தனியா ஒரு பெட்டியில வச்சிருக்கோம். தினமும் எடுத்துப் பார்க்கிறாரு."

இருபத்தாறு வருடத்தில் அவள் பொய் சொல்லி அவர் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரி புதுச் சேலையைக் காட்டினால்கூட, "இந்த நிறம் உனக்கு எடுக்கலையே" என்று சொல்லித் திட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறவள். இப்போது முகம் மாறாமல், அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

"சந்தைக்குப் பின்னாலதாம்மா வீடு. தராசுக்காரர் வீடுன்னு யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்றும் சொன்னாள். எதையாவது உண்மையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர், "சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருக்கலாம்தான். நீங்க கொஞ்சம் வேகமா சொல்லியிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு மாதம் ஓடியது. அவர் ஆல்பத்தைத் திறக்கவில்லை. வெளியூர் வியாபாரிகள் இரண்டு மூன்று பேருக்கு, விளிம்பில் வெட்டுள்ள ஓட்டைக்காசு யாரிடமாவது வந்தால் தகவல் சொல்லும்படி கடிதம் எழுதினார். ஒருவர் மட்டும், வெட்டில்லாத நல்ல காசே தன்னிடம் இருப்பதாகப் பதில் போட்டார்.

ஒரு மதியம், அதே மழை. அவர் மேடைத் தராசு ஒன்றின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மனைவி திரைச்சீலைக்கு வளையம் தைத்துக்கொண்டிருந்தாள். படியில் ஆள் ஏறுகிற சத்தம், நடுவில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறுகிற சத்தம். அந்த அம்மா வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சின்னப் பை. சேலை நுனியெல்லாம் நனைந்திருந்தது.

"நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புறேன். மூட்டையெல்லாம் காலையிலயே லாரியில போயிடுச்சு. ஒரு எட்டு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

மனைவி துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். டீ போட உள்ளே போனாள். அந்த அம்மா மெஷின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை எடுத்தார். அதன் மடிப்புக்குள் இன்னொரு தாள்.

"கடைசியா அலமாரித் தட்டுல விரிச்சிருந்த பேப்பரை உரிச்சேன். அடியில இது இருந்துச்சு. எனக்கே தெரியாது தம்பி, இப்படி எழுதி வச்சிருக்காருன்னு. படிங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பென்சில் எழுத்து. மேலே தேதி. 'கேன்டீனில் சில்லறை மாற்றும்போது கிடைத்தது. தேட ஆரம்பித்துப் பத்தொன்பது வருடம். லிஃப்டை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். நல்ல மழை. அவளிடம் காட்டினேன். இதுக்கா இப்படி நனைந்தீர்கள் என்று திட்டினாள். ஆனால் வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.'

"இது அதோட இருக்க வேண்டியது" என்றார் அந்த அம்மா. "எடுத்துட்டு வாங்க. என் கையாலயே உள்ள வச்சுட்டு, ஒரு தடவை பார்த்துட்டுக் கிளம்புறேன்."

மனைவி டீயோடு வாசலில் நின்றாள். இந்த முறை அவள் வாயைத் திறக்கவில்லை. தராசுக்காரர் தரையில், அந்த அம்மாவின் காலருகில் உட்கார்ந்துவிட்டார்.

"அது எங்கிட்ட இல்லைம்மா. உங்ககிட்ட வாங்கின அரைமணி நேரத்துல குடுத்துட்டேன். சுழல் நாற்காலிக்காரருகிட்ட. எனக்கு வேற ஒரு காசு வேண்டியிருந்துச்சு. அதுக்காக. அப்புறம் போய்க் கேட்டேன். வெளிநாட்டுக்குப் போயிடுச்சுன்னாரு. அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்ததே இதைச் சொல்லத்தான்." கப்பல் காசை உறையோடு எடுத்து நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார். "இதான்மா அது. இதை நீங்க வச்சுக்கணும்."

அந்த அம்மா கப்பலைப் பார்த்தார். தொடவில்லை. "அவருகிட்டயா போச்சு" என்றார். தராசுக்காரரைத் திட்டவில்லை. அவரைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பி வாசலில் நின்றவளைப் பார்த்தார்.

"நீயும் சொன்னியேம்மா. மெத்துன்னு ஒரு துணியில சுத்தி வச்சிருக்கோம்னு."

மனைவி டீயை மெஷின் மேல் வைத்தாள்.

"உன் வீட்டுக்காரரு ஆசைப்பட்டுட்டாரு. அந்த ஆசையை நான் நாப்பது வருஷம் பார்த்திருக்கேன். அதுல பொய்யெல்லாம் வரும். நீ எதுக்கும்மா சொன்னே? உன்னை நம்பித்தானே…"

வாக்கியத்தை முடிக்காமல் கையை நீட்டினார். தராசுக்காரர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அதை ஆஸ்பத்திரிச் சீட்டுக்குள் வைத்து, சீட்டைப் பைக்குள் வைத்து, பையின் வாயை இரண்டு தரம் மடித்தார். டீயை இரண்டு மடக்குக் குடித்தார், வைத்த மரியாதைக்கு. எழுந்தார்.

"மழை பெய்யுதும்மா, நான் வந்து பஸ் ஏத்தி விடுறேன்" என்று மனைவி குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.

அவர் ஜன்னலில் நின்று பார்த்தார். ஒரே குடை. மனைவி குடையை அந்தப் பக்கம் சாய்க்கச் சாய்க்க, அந்த அம்மா ஓர் அடி விலகி நடந்தார். சந்தை முனையில் திரும்பும்வரை இரண்டு பேருமே நனைந்துகொண்டுதான் போனார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து அவள் திரும்பி வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. குடையை மூலையில் விரித்து வைத்தாள். துண்டை எடுத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஆனால் துவட்டவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் கப்பல் அப்படியே இருந்தது.

"எனக்காக நீ ஒரு பொய் சொல்லி, கடைசியில…" என்று அவர் ஆரம்பித்தார்.

"உங்களுக்காக யாரு சொன்னா? அவங்களுக்காகத்தான் சொன்னேன். அதை அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு வழி பூரா யோசிச்சேன். வரலை."

அவர் ஜன்னலைச் சாத்தினார்.

"அக்கா மகள் எந்த ஊருன்னாவது கேட்டியா?"

"கேட்டேன்" என்றாள். "பஸ் வந்துடுச்சும்மா, பஸ் வந்துடுச்சும்மான்னாங்க. அதுக்கப்புறமும் பஸ் வர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆச்சு."